முதலில் லைசென்ஸா, விமானமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைட் டியூட்டி முடித்த கையோடு அக்கா மகள் கொளத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு நாடுகளை வரிசையாக எழுதியிருந்தாள்: இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி, சவுதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே சம்பளம், அடுத்த கட்டத்தில் அது நம் ரூபாயில் எவ்வளவு. "சித்தி, எதுக்குப் போகலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நான் ரியாத்தில் ஆறு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவள். மற்ற மூன்று நாடுகளுக்கும் என்னோடு ஒரே வார்டில் நின்றவர்கள் போயிருக்கிறார்கள். போக முயன்று இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன், சம்பளத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். அவள் நோட்டில் அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடித்துவிட்டு இரண்டு கேள்விகளை எழுதினேன். நர்ஸ் என்ற பதிவு கையில் கிடைப்பது விமானம் ஏறுவதற்கு முன்பா, பிறகா? அது கிடைக்கும்வரை எங்கே, யார் செலவில் காத்திருக்கப் போகிறாய்?

அவள் நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டமும், சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலின் பதிவும் இருக்கின்றன. இரண்டு வருடமாக கார்டியாக் ஐசியுவில் இருக்கிறாள். இங்கே அவள் முழு நர்ஸ். மீனம்பாக்கம் தாண்டிவிட்டால் அவள் 'வெளிநாட்டில் படித்தவர்'. நம் பதிவு அங்கே செல்லாது, விண்ணப்பத்தோடு இணைக்கும் ஒரு சான்று மட்டுமே. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

இங்கிலாந்தில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். முதலில் ஆங்கிலம். பொதுவான ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7. மருத்துவத் துறையினருக்கான ஓஇடி என்றால் எழுத்தில் சி பிளஸ், மற்றவற்றில் பி. நர்ஸ்களுக்கு ஓஇடிதான் சுலபம் என்பது என் கட்சி. டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியைப் பற்றி அடுத்த நர்ஸுக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். புவி வெப்பமயமாதல் பற்றிக் கட்டுரை எழுதுவதைவிட அது நமக்குப் பழகிய வேலை. ஒரே தேர்வை 12 மாதங்களுக்குள் இரண்டு முறை எழுதி, மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டவும் 2023 முதல் வழியிருக்கிறது.

அடுத்தது சிபிடி, கம்ப்யூட்டரில் எழுதும் நர்சிங் தேர்வு. சென்னையிலேயே எழுதலாம். முதல் பகுதி 30 நிமிடத்தில் 15 கணக்குகள், மருந்தளவும் டிரிப் வேகமும்தான். விடைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை, நாமே எண்ணைத் தட்ட வேண்டும். இரண்டாவது பகுதி இரண்டரை மணி நேரத்தில் 100 கேள்விகள். நம் ஆட்கள் இதைப் பெரும்பாலும் முதல் முறையிலேயே தாண்டிவிடுகிறார்கள்.

அப்புறம்தான் விஷயம். ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு இங்கிலாந்தில் மட்டுமே நடக்கும். நார்தாம்டன், ஆக்ஸ்ஃபர்டு, லீட்ஸ் மாதிரி சில ஊர்களில்தான் மையம். தேர்வு அறையில் மொத்தம் 10 நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. நான்கு நிலையங்களில், ஒரு நோயாளியைப் பரிசோதிப்பதில் தொடங்கி மதிப்பீடு வரை போக வேண்டும். இன்னும் நான்கு கைத்திறன், இரண்டு எழுத்து. அதாவது வேலைக்குச் சேர்ந்து, விசா வாங்கி, அங்கே இறங்கிய பிறகுதான் இதை எழுத முடியும். விசா விதிப்படி 3 மாதங்களுக்குள் முதல் முயற்சி, 8 மாதங்களுக்குள் பதிவு. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று முயற்சிகள், மூன்றிலும் தோற்றால் 6 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் விசாக் கணக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

என்னோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டர், பதினோரு வருட ஐசியு அனுபவம், வென்டிலேட்டரைத் தூக்கத்தில் கூட செட் பண்ணுவாள். முதல் ஓஸ்கியில் தோற்றாள். கை கழுவவில்லை, கைப்பட்டையைப் பார்த்துப் பெயரும் பிறந்த தேதியும் கேட்கவில்லை, அலர்ஜி உண்டா என்று கேட்காமல் மருந்தை எடுத்துவிட்டாள். இங்கே முப்பது பெட்டுக்கு மூன்று பேர் ஓடிக்கொண்டிருக்கும் வார்டில் படிந்த கை அது. அனுபவம் கூடக்கூட அந்தத் தேர்வு கஷ்டமாகிறது என்பாள் அவள். நம்புகிறேன். இரண்டாவது தடவை பாஸ் செய்தாள். 'பின்' என்ற பதிவு எண் வரும்வரை ஒரு படி கீழே, பேண்ட் 4 சம்பளம். வந்தபிறகு பேண்ட் 5.

கட்டணம் 2025 கணக்குப்படி: விண்ணப்ப மதிப்பீடு 140 பவுண்ட், சிபிடி 83, ஓஸ்கி 794, பதிவு 153. மொத்தம் 1,170 பவுண்ட். நல்ல மருத்துவமனையாக இருந்தால் இதில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும், ஆனால் இத்தனை வருடம் இருக்க வேண்டும், நடுவில் போனால் பணத்தைக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதெல்லாம் சரி, இப்போது இங்கிலாந்துக் கதவு பாதி சாத்தியிருக்கிறது. மூன்று நான்கு வருடம் முன்பு மாதிரி கொத்துக் கொத்தாக ஆள் எடுப்பதில்லை. 2025 மே மாத வெள்ளை அறிக்கையில், நிரந்தரமாகத் தங்குவதற்கான 5 வருடத்தை 10 வருடமாக்கும் யோசனையை அந்த அரசு முன்வைத்தது. ஆகவே என் தீர்ப்பு இது: கையில் வேலைக் கடிதம் இருந்தால் போகலாம். வேலை எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் தேர்வுக் கட்டணம் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

ஜெர்மனியும் இதே ரகம்தான், விமானம் முதலில், லைசென்ஸ் பிறகு. ஆனால் காத்திருப்பின் பெரும்பகுதி சென்னையிலேயே கழிந்துவிடும், மொழியில். பதிவுக்குப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் வேண்டும். ஏ1-இல் ஆரம்பித்தால் பி2 நான்காவது படி. நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் சேர்ந்தாலும் வேறெங்கு சேர்ந்தாலும், நைட் ஷிப்ட்டும் பார்த்துக்கொண்டு ஒரு வருடத்துக்குள் முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பலர் வேலையை விட்டுவிட்டுப் படிக்கிறார்கள். அந்த ஒரு வருடச் சம்பளமும் செலவுதான், அதை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸ்களுக்கு ஜெர்மன் பயிற்சி நடத்தி அனுப்புகிறது. அங்கே விசாரிக்காமல் தனியாரிடம் பணம் கட்டாதீர்கள்.

அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அலுவலகம். நம் பாடத்திட்டத்தை அவர்களுடையதோடு ஒப்பிட்டு, எங்கெங்கே குறைகிறது என்று பட்டியல் போட்டு ஒரு கடிதம் அனுப்புவார்கள். டெஃபிஸிட்பெஷைட் என்று பெயர். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம் ஊர்ப் படிப்புக்கு அந்தக் கடிதம் வருவது சகஜம். குறையை ஈடுகட்ட இரண்டு வழி. ஒன்று மருத்துவமனையிலேயே சில மாதப் பயிற்சி, இன்னொன்று வாய்மொழியும் செய்முறையுமாக ஒரு தேர்வு. தேர்வில் தவறினால் ஒரே ஒரு முறைதான் மறுபடி எழுதலாம். பயிற்சிக்கு இடம் கிடைத்தால் அதை எடுப்பதே புத்திசாலித்தனம். அதுவரை உதவியாளர் நிலையில்தான் வேலை, உதவியாளர் சம்பளம்தான்.

ஜெர்மனிக்குப் போனவர்கள் போனில் புலம்புவது மொழியைப் பற்றிக்கூட இல்லை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் அங்கே நர்ஸின் வேலை. நம் ஊரில் அதை ஆயாம்மாவும் கூட இருக்கும் சொந்தக்காரர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம், இங்கே நாம் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் ஊசி ஏற்றுவது, ரத்தம் எடுப்பதெல்லாம் பல மருத்துவமனைகளில் டாக்டர் கையில் இருக்கிறது. "படிச்சதெல்லாம் மறந்துடும் போலிருக்குக்கா" என்று ஒருத்தி அழுதாள். எனக்கு அதில் முழு அனுதாபம் வரவில்லை. நோயாளியைத் துடைத்துவிடுவது நம் படிப்பின் முதல் வருடத்தில் இருப்பதுதானே. ஆனாலும் கார்டியாக் ஐசியுவில் இருந்து போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது சின்ன விஷயமில்லை. பதிவு பெற்ற திறன் பணியாளராக 3 வருடம் வேலை செய்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 5 வருடம் வாழ்ந்தால் குடியுரிமைக்கு.

இனி லைசென்ஸ் முதலில் வரும் நாடுகள்.

அமெரிக்கா. படிப்பைச் சரிபார்க்க பிலடெல்பியாவில் 1977-இல் தொடங்கிய சிஜிஎஃப்என்எஸ் மாதிரி ஒரு அமைப்பு வேண்டும் (2025-இல் அது ட்ரூமெரிட் என்று பெயரை மாற்றிக்கொண்டது, நர்ஸ்கள் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை). ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி போர்டு, தனி நிபந்தனை. சில போர்டுகள் அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும், நம்மிடம் அது இருக்காது, ஆகவே அது கேட்காத மாகாணமாகப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். பிறகு என்கிளெக்ஸ், நர்ஸ் லைசென்ஸுக்கான தேர்வு. 200 டாலர், வெளிநாட்டில் எழுதுவதற்கு மேற்கொண்டு 150. நாம் பதில் சொல்வதைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கம்ப்யூட்டர் மாற்றிக்கொண்டே போகும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. 2023 ஏப்ரலில் இருந்து ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து வரிசையாக முடிவெடுக்கச் சொல்லும் கேள்விகளும் சேர்ந்திருக்கின்றன. ஐசியு நர்ஸ்களுக்கு அது சாதகம். இதையும் சென்னையிலேயே எழுதலாம்.

பாஸ் செய்தாயிற்று. அப்புறம்? வரிசை. நர்ஸ்கள் போவது இபி-3 என்ற பச்சை அட்டை வகையில். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு 2025-இல் அந்த வரிசை 2013-ஆம் வருடத்து விண்ணப்பங்களில் நின்றது. பன்னிரண்டு வருடம். தேர்வுக்கு ஆறு மாதம் படித்துவிட்டு, அதற்கப்புறம் ஒரு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷன் எல்லாம் முடித்துவிட்டுத்தான் அழைப்பு வரும். வகுப்பு நடத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேலை தேர்வோடு முடிந்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வரிசையைப் பிரிப்பது பாஸ்போர்ட்டை வைத்து இல்லை, பிறந்த நாட்டை வைத்து. அப்பா அம்மா மஸ்கட்டில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்து, கைக்குழந்தையாகத் தாம்பரத்துக்கு வந்து, தமிழைத் தவிர எதுவும் தெரியாமல் வளர்ந்த பெண்ணாக இருந்தாலும், அவள் நிற்பது ஓமான் கணக்கில். அங்கே சில வருடங்களில் முடிந்துவிடும். கணவர் அப்படிப் பிறந்திருந்தாலும் அந்தக் கணக்கில் சேரலாம். எங்கள் வார்டில் இதைக் கேட்டுவிட்டு ஒருத்தி உடனே மாமியாருக்கு போன் போட்டாள்.

வளைகுடா எனக்குத் தெரிந்த பாதை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பெரும்பாலும் 2 வருட அனுபவம் கேட்பார்கள். டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் நம் காலேஜ், கவுன்சில், வேலை பார்த்த மருத்துவமனை எல்லாவற்றுக்கும் நேராக எழுதி, கொடுத்த காகிதம் உண்மையா என்று கேட்கும். சவுதிக்கு பிரோமெட்ரிக் தேர்வை இங்கேயே எழுதிவிடலாம். லைசென்ஸ் கொடுக்க துபாய்க்கு ஓர் அமைப்பு, அபுதாபிக்கு இன்னொன்று. அபுதாபியினுடையதைப் பழைய ஆட்கள் இன்னமும் ஹாட் என்றே சொல்வார்கள். பாஸான பிறகுதான் விமானம். அங்கே போனபின் மிஞ்சுவது பதிவு வேலை மட்டும். வருமான வரி இல்லை, தங்குமிடம் பெரும்பாலும் தருவார்கள். கடன் இருப்பவர்களுக்கு இதைவிட வேகமான வழியை நான் பார்க்கவில்லை. ஆனால் எத்தனை வருடம் இருந்தாலும் விருந்தாளிதான். ஆறு வருடத்தில் நான் சேர்த்தது ஒரு வீடும் முதுகுவலியும். குடியுரிமை என்ற பேச்சே அங்கே கிடையாது.

நான் போனபோது ஒரு ஏஜென்ட்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தேன். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது. ரசீது கேட்டதற்கு "நம்பிக்கை இல்லையாம்மா?" என்றார். இப்போது பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பே 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015-இல் உத்தரவு போட்டதும் என்னைப் போன்றவர்களின் கதைகளால்தான். இங்கிலாந்தின் நடத்தை விதியும் வேலைக்கு வருகிறவரிடம் ஏஜென்ட் காசு வாங்கக் கூடாது என்கிறது. யாராவது கேட்டால், நாட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடலாம்.

இனி அவள் நோட்டில் இல்லாத ஐந்தாவது நாடு. ஆஸ்திரேலியா நம் பட்டத்தை ஏற்றுக்கொண்டால், எழுத்துத் தேர்வாக வைப்பது அமெரிக்காவின் அதே என்கிளெக்ஸ்தான். அதன் பிறகு அடிலெய்டில் ஒரு செய்முறைத் தேர்வு, 4,000 ஆஸ்திரேலிய டாலர். கனடாவும் 2015 முதல் என்கிளெக்ஸையே வைத்திருக்கிறது. ஆகவே அமெரிக்க வரிசையைப் பார்த்து அந்தத் தேர்வையே ஒதுக்கிவிடுவது தப்பு. அதோடு, 2025 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்து, அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர் மாதிரி இடங்களில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை செய்தவர்களை ஆஸ்திரேலியா தேர்வு இல்லாமல் எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் ஒரு வருடம் முழு நேரம் பார்த்தாலே கிட்டத்தட்ட அது நிறைந்துவிடும். அங்கே போன நம் பெண்கள் பலர் இப்போது மெல்போர்ன் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பதன் காரணம் இதுதான்.

அக்கா மகளுக்கு 24 வயது, கல்யாணம் ஆகவில்லை, நாலு லட்சம் கல்விக் கடன். அவளுக்கு நான் சொன்னது: பாடம் மறக்கும் முன் இங்கே இருந்தபடியே என்கிளெக்ஸ் எழுது. அதே வருடத்தில் பிரோமெட்ரிக்கும் எழுதி வளைகுடாவுக்குப் போ. இரண்டு வருடத்தில் கடனை அடை, அடிலெய்டுக்கான பணத்தை அந்தச் சம்பளத்தில் சேர். ஒவ்வொரு கட்டத்திலும் கையில் வேலை இருக்கும், லைசென்ஸ் இருக்கும். எங்கேயும் உதவியாளராக நின்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இதையே எங்கள் வார்டில் இருக்கும், பட்டம் இல்லாமல் ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ முடித்த ஒரு சிஸ்டரிடம் சொல்ல மாட்டேன். அவளுக்கு 31 வயது, மூன்று வயதுப் பையன். ஆஸ்திரேலியா பட்டம் எதிர்பார்க்கும், வளைகுடாவில் அவள் சம்பளத்துக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போவது கஷ்டம். கணவர் ஊரில் இருந்து பையனைப் பார்த்துக்கொள்ளத் தயார் என்றால், ஒன்றரை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெர்மன் படிக்கலாம். ஜெர்மனி டிப்ளமோவையும் பார்க்கிறது, பின்னால் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம்.

என் யோசனை அக்கா மகளுக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. "ஒரே இடத்துக்குப் போய் ஒரேடியா செட்டில் ஆகணும் சித்தி" என்றாள். அக்காவுக்கோ ஜெர்மனிதான், எதிர்வீட்டுப் பையன் அங்கே இருக்கிறான், அதுதான் காரணம். சரி, முடிவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், எந்த நாடானாலும் முதலில் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது என்று அவள் ஃபைலைத் திறக்கச் சொன்னேன்.

பெயர். நமக்கு இனிஷியல் போதும், வெளிநாட்டுக்காரனுக்குப் போதாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. டிகிரியில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக நிற்கும். தேர்வு மையத்தில் பதிவுப் பெயரும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கட்டணமும் போகும். சரிபார்ப்பு நிறுவனங்கள் ஒரு எழுத்துக்காக மாதக்கணக்கில் ஃபைலை நிறுத்தி வைக்கும். ஒரிஜினல் சான்றிதழ்களும் கையில் இருக்க வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த மருத்துவமனை பாண்ட் என்று சொல்லி என்னுடையதை இரண்டு வருடம் பூட்டி வைத்திருந்தது. வாங்குவதற்குள் ஒரு இன்டர்வியூ போய்விட்டது.

நேற்று மதியம் சாந்தோமில் இருந்து போன் செய்தாள். பின்னால் பஸ் ஹாரன், யாரோ டோக்கன் நம்பர் கேட்கும் சத்தம். "சித்தி, கவுன்சில் சர்டிபிகேட்ல எஸ் மட்டும்தான் இருக்கு. பாஸ்போர்ட்ல சுப்பிரமணியன்னு போட்டிருக்கு. இதுல சுப்ரமணியத்துக்கு ஒரு 'ஐ' வேற குறையுது." எந்த சர்டிபிகேட்டில் குறைகிறது என்று கேட்டேன். "அப்பாவோட ஆதார்ல" என்றாள்.